நார்மல் அண்ணனின் நெஞ்சில் ஒரு ஓட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உருண்டுகொண்டிருக்கிற குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு இப்போது வேறு ஆசை இல்லை. தொடையில் துளை போட்ட இடம் தழும்புகூடத் தெரியாமல் ஆறிவிட்டது. மாத்திரை வேளை தவறுவதில்லை, தவற அம்மா விட்டால்தானே. நான் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் டம்ளரை வாங்கிக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அங்கே டாக்டர் உன் குழந்தையின் இதயத்தைத் தனியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உன்னுடையதையும் பார்த்து, எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நீ, "அப்பாவையும் வருஷக்கணக்கா நார்மல்னுதானே சொன்னாங்க, இதை மட்டும் எப்படிப்பா நம்பறது" என்று கேட்டாய். அம்மா போனைப் பிடுங்கி, தண்ணீர் குடி, படுத்துக்கொள் என்று ஏதேதோ சொல்லி வைத்துவிட்டாள். போனில் பேசினால் இப்படித்தான், நீ குறுக்கே கேட்பாய், நான் பாதியில் தடுமாறுவேன், அம்மா நடுவில் புகுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஒரு வாரம் யோசித்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் முழுக்கப் படி. உனக்குத் துண்டு துண்டாகச் சொன்னதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். எக்கோ ஸ்கேன் எடுக்கப் படிக்கிறவர்களின் கல்லூரியில் பயிற்சி அறை உதவியாளர். ஜெல் பாட்டில் நிரப்புவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, மெஷினைத் துடைப்பது. முதல் வருஷம் சேருகிறவர்களுக்கு நோயாளியைத் தொட அனுமதி கிடையாது, பழக ஒரு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள் என்று பாடம் நடத்துகிற எக்கோ மேடம் கேட்டால் நான்தான் முதலில் சட்டையைக் கழற்றுவேன். தியாகம் எல்லாம் இல்லை, மத்தியானம் ஏசி அறையில் படுத்துக்கொள்ள ஒரு சாக்கு. "இவர்தான் நம்ம நார்மல் அண்ணன், பயப்படாம கருவியை வைங்க" என்று மேடம் சொல்லிச் சொல்லி அதுவே என் பெயராகிவிட்டது. வாட்ச்மேன்கூட நார்மல் என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை நீ கண்டிருப்பாய், உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

இதில்தான் கோளாறு. புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்பது ஒரே ஒரு பார்வை, மார்புக்கு இடப்பக்கம் கீழே கருவியை வைத்து இதயத்தின் நாலு அறையையும் ஒரே படத்தில் கொண்டுவருவது. அந்தப் பார்வையில் மேலே இருக்கிற இரண்டு அறைகளுக்கு நடுச்சுவர் பல பேருக்குப் பாதியில் அறுந்த மாதிரி தெரியும். சுவர் அங்கே மெல்லிசு, ஒலி அலை அதன் ஓரமாகவே போய்விடுவதால் திரும்பி வராது, சுவர் இருந்தும் இல்லாத மாதிரி படம் காட்டும். அதனால் அதைப் பார்த்து ஓட்டை என்று எழுதி யாரையும் பயமுறுத்திவிடக் கூடாது என்பது இவர்களுக்கு முதல் பாடம். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை என் படத்தைப் பார்த்து, "மேடம், இங்க ஓட்டை மாதிரி இருக்கு" என்று சொல்லும். வகுப்பே சிரிக்கும். மேடம் பொறுமையாக விளக்குவார், இது பொய் ஓட்டை, ஏமாறாதீங்க என்று. நானும் படுத்துக்கொண்டே தலையாட்டுவேன். பொய் ஓட்டைக்கு உதாரணம் காட்ட என் நெஞ்சைப் போல வசதியான நெஞ்சு இல்லை என்று பெயரே எடுத்துவிட்டேன். யார் நெஞ்சை வைத்து ஏமாறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்களோ அதே நெஞ்சில்தான் எல்லாரும் ஏமாந்தார்கள்.

கண்டுபிடித்தது லேட் அக்கா. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் படிக்க வந்தவர், வகுப்பு தொடங்கிச் சில வாரம் கழித்துச் சேர்ந்ததால் அந்தப் பெயர். பொய் ஓட்டைப் பாடம் நடந்த அன்று அவர் இல்லை. தவறவிட்ட பாடங்களைத் தனியாகப் பழக ஒரு மத்தியானம் என்னைப் படுக்கச் சொன்னார். சுவர் அறுந்த மாதிரி தெரிந்ததும் சிரிக்கத் தெரியாமல், புத்தகத்தைப் புரட்டி, சந்தேகம் வந்தால் விலா எலும்புக்குக் கீழே, வயிற்றின் மேல் பக்கத்திலிருந்து பார் என்று இருந்ததைப் படித்து, "அண்ணே, காலை மடக்கிக்கிட்டு வயித்தை லூஸா விடுங்க" என்றார். அங்கிருந்து பார்த்தால் ஒலி அலை சுவர் மேல் நேராகப் போய் மோதும், இருக்கிற சுவர் இல்லாமல் போகாது. கலர் பொத்தானை அமுக்கினார். சிவப்பாக ஒரு ஊற்று இடப்பக்க அறையிலிருந்து வலப்பக்க அறைக்குக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் மேடத்தைக் கூட்டிவந்தார். மேடம் பார்த்தார், கருவியைத் தானே வாங்கித் திரும்பப் பார்த்தார், வலப்பக்க அறைகளை அளந்தார், வீங்கியிருந்தன. பிறகு ஜெல்லைத் துடைக்கக்கூட விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது பொறந்ததுலேர்ந்து இருக்கு" என்றார். முதலாளி மாதிரி அதட்டுகிறவர் கையைப் பிடித்துக்கொண்டதில்தான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நம் மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது, நான் இரண்டாம் மாடியில் நின்று நின்று ஏறுவேன், அங்கே குடியிருக்கிற ரிட்டயர்டு பஸ் டிரைவரிடம் ரெண்டு வார்த்தை பேசுகிற மாதிரி நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன், மேலேயிருந்து அம்மா, "அரட்டை போதும், பாலை எடுத்துட்டு வாங்க" என்று கத்துவாள், இதெல்லாம் நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். எனக்கு அது மூச்சுத் திணறல் என்றே தெரியாது, எல்லாரும் அப்படித்தான் ஏறுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து உள்ளதுதானே, வேறு எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும். அம்மா ஓட்டைக்கு அழவில்லை. "நான் வேலை பாக்குற கண்ணாடிக் கடைக்கு வர்றவங்க கண்ணையெல்லாம் பாத்துக் கண்ணாடி மாட்டி விட்டேன், வீட்ல மூச்சு வாங்குற மனுசனைச் சோம்பேறின்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கேனே" என்று அழுதாள். அடுத்த நாள் காலை பால் வாங்க அவளே போனாள். நான் தடுத்ததற்கும் திட்டுதான் விழுந்தது, அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை.

மேடத்தின் அறையில் கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் இதயங்கள் இருக்கும், திறந்து மூடுகிற மாதிரி செய்தவை. வாராவாரம் தூசி தட்டுகிறவன் நான், எது எந்த இடம் என்று மட்டும் தெரியும், என்ன என்று கேட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன். நூறு குழந்தை பிறந்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்குமாம், அதில் பாதிக்கு மேல் லேசானவை. கீழே இருக்கிற இரண்டு அறைகளுக்கு நடுவில் ஓட்டை இருப்பதைத்தான் அதிகம் பார்ப்பார்களாம், சின்னதாக இருந்தால் பல தானாகவே மூடிக்கொள்ளும், பெரிதாக இருந்தால் குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து இளைத்துப் போகும், தையல் போட்டு அடைக்க வேண்டும். மேல் அறைகளில் ஓட்டை என்றால் என்னை மாதிரி சத்தமே இல்லாமல் பாதி ஆயுள் ஓடிவிடும். வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லாததால் ரத்தம் குறுக்கே போக ஒரு சின்னக் குழாய் உண்டு, பிறந்து சில நாளில் அது தானே மூட வேண்டும், சிலருக்கு மூடாது. சிலருக்கு வால்வு சரியாகத் திறக்காது, சிலருக்குப் பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் இடுக்காக இருக்கும், அந்தக் குழந்தைகளுக்குக் காலில் நாடி பிடித்தால் சரியாகக் கிடைக்காதாம். உதடும் நகமும் நீலமாகிற குழந்தைகள் தனி, அதில் நாலு குறை ஒரே இதயத்தில் சேர்ந்து வருவது ஒன்று, இரண்டு பெரிய குழாயும் இடம் மாறி முளைத்திருப்பது இன்னொன்று. இதயத்தின் ஒரு பாதியே வளராமல் போனதும் அலமாரியில் இருக்கிறது, அதை நான் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. "இதுல முக்கால்வாசிக்கு இப்ப வழி இருக்குண்ணே, ஆபரேஷன் பண்ணின பசங்க காலேஜ் படிக்குதுங்க, கல்யாணம் பண்ணிக்குதுங்க" என்று மேடம் சொன்னார். ஏன் வருகிறது என்று கேட்டேன். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்குச் சர்க்கரை எகிறினால், ருபெல்லா அம்மை கண்டால், சில மருந்து சாப்பிட்டால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும், ஆனால் பெரும்பாலும் காரணமே தெரியாது என்றார். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், ஆரம்பத்தில் மாடிப்படியில் சறுக்கி உட்கார்ந்தேனே, காபி நிறையக் குடித்தேனே என்று நீ உன்னையே குடைந்துகொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை.

என் விஷயத்தில் பயந்தது ஓட்டைக்கு இல்லை. இத்தனை வருஷம் அதிகப்படி ரத்தம் பாய்ந்து நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தால், ஓட்டையை அடைப்பதே ஆபத்தாகிவிடும், மூடக் கூடாது, மாத்திரையோடு காலம் தள்ள வேண்டியதுதான் என்று இதய டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தொடை ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் தெரியும், சரியாக இருந்தால் அந்த வழியாகவே அடைத்துவிடலாம், இல்லையென்றால் அப்படியே குழாயை உருவிக்கொண்டு வந்துவிடுவேன் என்றார். அன்று காலை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வெளியே பெஞ்சில் அம்மா ஒரு ஓரம், மேடம் மறு ஓரம். இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. முந்தின வாரம்தான் அம்மா கல்லூரிக்கே போய், "இத்தனை வருஷம் படுக்க வெச்சுத் தடவுனீங்களே, ஒருத்தர் கண்ணுக்குமா தெரியலை" என்று மேடத்தை எல்லார் எதிரிலும் கேட்டிருந்தாள். அப்படியும் மேடம் லீவு போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "பிரஷர் பரவாயில்லை, லேசாத்தான் ஏறியிருக்கு, மூடிடலாம்" என்று சொன்னாராம். அம்மா எழுந்து நேராகப் போய் மேடத்தின் தோளில் சாய்ந்துவிட்டாள். பிறகு இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்து என்னைப் பற்றிக் குறை பேசியிருக்கிறார்கள், மேடமே சொன்னார். அடைப்பு என்பது இரண்டு தட்டும் நடுவில் ஒரு இடுப்பும் உள்ள பொத்தான் மாதிரி, கம்பி வலையால் ஆனது, சுருட்டி உள்ளே அனுப்பி அந்தப் பக்கம் ஒரு தட்டு இந்தப் பக்கம் ஒரு தட்டு விரித்துவிடுகிறார்கள். சில மாதத்தில் அதன் மேல் சதை படர்ந்து சுவரோடு சுவராகிவிடும்.

இப்போது கல்லூரியில் புதுச் சட்டம். யாராக இருந்தாலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் முழுசாகப் பார்த்த பிறகுதான் பழகப் படுக்க வைக்கலாம். வாட்ச்மேன், டிரைவர், கேன்டீன்காரர் எல்லாரையும் பார்த்தார்கள். கேன்டீன்காரருக்கு ஒரு வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறதாம், அதுவும் பிறவியிலேயே வருவதுதான், நிறையப் பேருக்கு உண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அன்றிலிருந்து எனக்குத் தோழமையோடு இரண்டு பிஸ்கட் அதிகமாக வைக்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். என்னை நார்மல் என்று சொன்னார்கள், உண்மைதான், ஆனால் யாரும் என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை கண்ணு. நான் கை பழகுகிற ஆள். கருவியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்றுதான் பார்த்தார்கள், என் இதயத்தை அல்ல. நார்மல் என்று பெயர் வைத்துவிட்டு அதற்கப்புறம் பார்த்தார்கள். உனக்கு நடந்தது அது இல்லை. அப்பாவுக்கு இருந்தது என்று நீயே போய்ச் சொல்லி, அவர்கள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள், படுத்தே இருந்ததில் உனக்கு முதுகே வலித்துவிட்டது என்று சொன்னாயே, அவ்வளவு நேரம். இரண்டும் ஒன்றாகுமா. அந்த ரிப்போர்ட்டில் மேல் அறைகளுக்கு நடுவில் திறப்பு இருக்கிறது என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துத்தான் நீ மிரண்டிருக்கிறாய். வயிற்றில் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் அது இருந்தாக வேண்டுமாம், இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அது ஒரு கதவு. குழந்தை வெளியே வந்து மூச்சு இழுத்ததும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். எனக்கு வாசல் பெரிதாகவும் கதவு சின்னதாகவும் அமைந்துவிட்டது, சாத்தினாலும் மூடாது.

இது எழுத்தில் படித்தால் நம்ப மாட்டாய் என்று தெரிந்துதான், நீ அனுப்பிய ஸ்கேன் வீடியோவை எல்லாம் வியாழக்கிழமை கல்லூரிக்கு எடுத்துப்போனேன். பயிற்சி அறையில் விளக்கை அணைத்துவிட்டு மேடமும் லேட் அக்காவும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள், நான் பின்னால் ஜெல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எதற்கு என்று தெரியவில்லை. ஒவ்வொரு துண்டையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். நாலு அறையும் சரியான அளவு என்றார்கள், கீழ்ச்சுவர் முழுசாக இருக்கிறது, இரண்டு பெரிய குழாயும் ஒன்றை ஒன்று குறுக்காகத் தாண்டிப் போகின்றன, அப்படித்தான் போக வேண்டும் என்றார்கள். லேட் அக்கா மட்டும் மேல்சுவரை விட்டு நகரவே இல்லை, திரும்பத் திரும்ப ஓட்டினார். கடைசியில் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "இங்க பாருங்கண்ணே, ஆடுது பாருங்க, அதுதான் கதவு. எவ்வளவு அகலமா இருக்கு பாருங்க. உங்களுக்கு இந்த அகலம் இல்லை, உங்க பேரப்பிள்ளைக்கு இருக்கு" என்று காட்டினார். ஜன்னல் திரை காற்றுக்கு அசைகிற மாதிரி சின்னதாக ஒன்று அசைந்துகொண்டிருந்தது. அப்போ நார்மல்தானா மேடம் என்று கேட்டேன். "அந்த வார்த்தையை நான் இப்பல்லாம் லேசுல சொல்றதில்லை அண்ணே. எல்லாப் பக்கமும் தேடிட்டோம், எதுவும் இல்லை. உங்க பொண்ணுகிட்ட இப்படியே சொல்லுங்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கதவு சரியாகச் சாத்துகிறதா, அந்தச் சின்னக் குழாய் மூடுகிறதா என்பதை வயிற்றில் இருக்கும்போது யாராலும் சொல்ல முடியாதாம், பொடி ஓட்டை ஏதாவது கண்ணில் படாமலும் போகலாமாம். அதனால் பிறந்த பிறகு ஒரு தடவை எக்கோ எடுத்துவிட வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார், மறக்காதே, மாப்பிள்ளையிடமும் தனியாகச் சொல்லிவிடு, நீ அந்தக் களைப்பில் மறந்துபோவாய். இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டால் வழி இருக்கிறது என்பதற்கு உன் அப்பனே சாட்சி. இரும்பு மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு, போனில் கண்டதையும் தேடிப் படிக்காதே, வீடியோவைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அந்தக் கதவு அசைவதை மட்டும் பார். நீயும் குழந்தையும் நோய் நொடி அண்டாமல், மாப்பிள்ளையோடு சிரித்த முகமாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். அம்மா தனியாக ஒன்று எழுதச் சொன்னாள், நீ அழுதால் குழந்தைக்குக் கேட்குமாம், போதும் நிறுத்து என்றாள். சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் மூன்று மாடியும் நிற்காமல் ஏறிவிடுகிறேன். பஸ் டிரைவருக்கு என் மேல் வருத்தம். இத்தனை வருஷம் பாசத்தில்தான் நின்று பேசினேன் என்று நினைத்திருந்தாராம் பாவம், அம்மாவிடம், "சார் என்ன, உடம்பு தேறினதும் நம்மள மறந்துட்டார்" என்று சொல்லியிருக்கிறார். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அன்று கீழேயே என்னிடம் கொடுத்துவிடு, மேலே வரை நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன். இரண்டாம் மாடியில் மட்டும் கொஞ்சம் நிற்பேன், பயந்துவிடாதே. அவரிடம் காட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா